கேட்டால் கொடுக்கிற ஊர்

பாயை வெயிலில் போடப் போன இடத்தில்தான் உனைசி அந்த டப்பாவைக் கண்டாள்.

வாரக்கணக்கில் அடித்த தென்கிழக்குக் காற்று ஓய்ந்து நல்ல வெயில் வந்திருந்தது. தீவு ஊரான வைலேபாவில் அப்படி ஒரு வெயிலைக் கண்டுவிட்டால் பெண்களுக்கு இருப்புக்கொள்ளாது. வீட்டிலிருக்கிற தாழம்பாய் அத்தனையும் புல்தரைக்கு வந்துவிடும். உனைசி தன் வீட்டுப் பாய்களை விரித்துப் போட்டுவிட்டு, வீங்கிய கன்னத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு அண்ணன் எப்பராமாவின் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் பெண்டாட்டி வசெமதா படுக்கிற இடத்துப் பாய் அடுக்கோடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டா வரமாட்டேனா மதினி? ஒத்தையில இழுத்து இடுப்பைப் பிடிச்சுக்கிட்டா எங்க அண்ணன்லா கஞ்சி காய்ச்சணும்."

"உங்க அண்ணன் காய்ச்சுற கஞ்சியை நாய் குடிக்காது. அந்த முனையைப் பிடி."

அந்தப் பக்கத்தில் நாத்தனாரும் மதினியும் ஒருத்தியை ஒருத்தி வாராமல் பேசினால்தான் ஏதோ சண்டை என்று ஊர் நினைக்கும். இந்த இரண்டு பேரும் கல்யாணமான நாளிலிருந்து ஓயாமல் வாரிக்கொண்டிருந்தார்கள். உனைசி உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக் கொல்லையில் நின்று தும்மினால் வசெமதா அடுப்படியிலிருந்து பதில் சொல்வாள்.

அடுக்கின் நடுவிலிருந்து ஒரு சின்னப் பாய் வந்தது. ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாகக் கம்பளி நூல் குஞ்சம் வைத்தது. உனைசியே முடைந்தது. இரண்டு பேரும் அதை மட்டும் தனியாகக் கொண்டுபோய்ப் புல்லில் ஓரமாகப் போட்டார்கள். திரும்பி வந்து அடிப்பாயைத் தூக்கியபோது சுவரோரம் கிலுகிலுவென்று ஏதோ உருண்டது. பழைய பிஸ்கட் டப்பா. உனைசி மூடியைத் திறந்தாள். உள்ளே பிளாஸ்டிக் பையில் வெள்ளை மாத்திரைகள், எல்லாம் பாதிப்பாதியாக உடைத்தவை.

"இது ஆஸ்பிரின்லா?"

வசெமதா கையிலிருந்த பாயை விட்டுவிட்டாள். "அது சும்மா. தலைவலிக்கு சிஸ்டர் குடுத்தது."

"அடிப்பாவி. ராத்திரியெல்லாம் பல்லைப் பிடிச்சுக்கிட்டு நான் உருளுதேன். நீ மருந்தைப் பாய்க்கு அடியில வச்சு அடைகாக்குதியே. குஞ்சு பொரிக்கும்னு பாத்தியா?"

வசெமதா சிரிக்கவில்லை. உனைசி அதைக் கவனிக்கவும் இல்லை. பல்வலிக்காரிக்கு வேறு என்ன கண்ணில் தெரியும். எலுமிச்சை இலை போட்ட தேநீர் மீதமிருந்தது. இரண்டு துண்டுகளை வாயில் போட்டு அதைக் குடித்தாள். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், பலகையில் உப்புச் சிரட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இங்கேயே இருக்கட்டும். வாரவங்க போறவங்களுக்கு ஆகும். ஒளிச்சுத் தின்னுறவன்னு பேரெடுக்காதே மதினி, நம்ம குடும்பத்துக்குக் கேவலம்."

கேலிக்குச் சொன்னதுதான். ஆனால் வைலேபாவில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. அங்கே கேட்பதில் வெட்கம் இல்லை, மறுப்பதில்தான் வெட்கம். கோடாரியானாலும் கோழியானாலும் ஒருவர் வந்து கேட்டுவிட்டால், இல்லை என்று சொல்வதற்கு அந்தப் பொருள் நிஜமாகவே இல்லாமல் இருக்க வேண்டும். இருக்கிற பொருளை ஒளித்து வைக்கிறவனை எதற்கும் சேர்க்க மாட்டார்கள்.

வசெமதா வாயைத் திறந்தாள். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். டப்பாவை உனைசியே கொண்டுபோய்ப் பழையபடி பாய்க்கு அடியில் வைத்து, காவலுக்கும் உட்கார்ந்திருப்பாள். அவள் சொல்லவில்லை.

"கிழங்கு வெந்திருக்கும், பாத்துட்டு வாரேன்" என்று போய்விட்டாள்.

வசெமதா அப்போது மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தாள். முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் போயிற்று. கைகால் வீங்கி, வலிப்பு வந்து, அவள் பிழைத்ததே பெரிது. இரண்டாவதைத் தொடக்கத்திலேயே ஊருக்குச் சொன்னார்கள். பெண்கள் கூடிப் பாய் முடைந்தார்கள், துணி சேர்த்தார்கள், பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கு என்ன சமைப்பது என்றுகூடப் பேசி முடித்தார்கள். பிள்ளை உள்ளங்கை அளவில் செத்துப் பிறந்தது. சேர்த்ததையெல்லாம் அவள் கண்முன்னால் மடித்து வைக்க வேண்டியிருந்தது. குஞ்சம் வைத்த சின்னப் பாய் அப்போதையது.

மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருக்கும் கெலெரா சிஸ்டர் அப்போதே சொல்லியிருந்தார். பிள்ளைக்கு ரத்தம் போகிற வழி வசெமதாவுக்குச் சரியாக அமைவதில்லை, அது ஆரம்பத்திலேயே அமைய வேண்டிய சங்கதி, நாள் தள்ளிப்போன உடனே மேடு ஏறி வந்துவிடு என்று. இந்த முறை வசெமதா சொன்னபடி போனாள். மூன்று மாதம் ஆனதும் சிஸ்டர் மாத்திரைகளை உடைத்துக் கையில் கொடுத்தார். ராத்திரி படுக்கும்போது அரை. ஒரு நாளும் விடக்கூடாது.

எப்பராமாவைத் தவிர யாருக்கும் அவள் சொல்லவில்லை. வயிறு தானாகச் சொல்லட்டும், அதுவரைக்கும் யாரும் எனக்காக ஒரு ஓலை கிழிக்க வேண்டாம் என்று புருஷனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இன்னொரு முறை பாய் மடிக்க அவளால் ஆகாது. இதெல்லாம் உனைசிக்குத் தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது.

அந்தக் குளிரில் ஊரையே சளிக் காய்ச்சல் பிடித்தது. சாமான் கொண்டுவருகிற கப்பல் எஞ்சின் பழுதாகி எங்கேயோ நின்றது. ஊர்க் கடையில் சர்க்கரை தீர்ந்தது, மாவு தீர்ந்தது, பனடால் மாத்திரை முதலிலேயே தீர்ந்தது. தேவாலயத்தில் பாட்டைவிட இருமல் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"எங்க மதினிகிட்ட மாத்திரை இருக்கு" என்று உனைசிதான் சொன்னாள். முதலில் சித்தப்பா வீட்டில் சொன்னாள். பிறகு ஓடையில் துணி துவைக்கும்போது சொன்னாள். தன் வீட்டுப் பெருமையாகவே சொன்னாள். என் மதினி கேட்டால் கொடுப்பாள் என்பது ஒரு நாத்தனாருக்குப் பெருமை இல்லையா?

வந்தார்கள். தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தார்கள், பிள்ளையை அனுப்பினார்கள். தொரிகா அத்தை முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். எப்பராமாவுக்கும் உனைசிக்கும் அப்பா கூடப் பிறந்தவள். பெண்கள் வலைக்கு அவள்தான் தலைவி, கடலுக்குள் நின்று பேசினால் கரையில் நிற்கிற நாய் உட்காரும்.

"மருமவளே, மூட்டு கழண்டு விழுந்துரும்போல இருக்கு. உங்கிட்ட ஏதோ இருக்குன்னாளே உனைசி."

"இருக்கு அத்தை. உக்காருங்க."

"ரெண்டு தா. நாளைக்கும் வலிக்கும், இன்னும் ரெண்டு தா."

வசெமதா எண்ணிப் பார்க்காமல் கையில் கொட்டினாள். தொரிகா அத்தை மறுநாளே ஒரு பேய்க்கணவாயை அடித்துக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கினவர்கள் யாரும் சும்மா இருக்கவில்லை. ஈரப்பலா வந்தது, சேம்பு இலை வந்தது, தேங்காய் வந்தது. அடுப்படி நிறைந்தது. டப்பாவின் கிலுகிலுப்பு மட்டும் குறைந்துகொண்டே போயிற்று.

அவள் மறுபடி மேடு ஏறிப் போய், விழுந்து நனைந்துவிட்டது என்று பொய் சொல்லி சிஸ்டரிடம் கேட்டாள். சிஸ்டர் தன்னிடம் மீதி இருந்ததில் பாதியைக் கொடுத்தார். அதுவும் பலகைக்குப் போயிற்று. பலகையிலிருந்து எடுத்து மறுபடி ஒளித்தால், ஏன் ஒளித்தாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் எல்லாம் சொன்னதாகிவிடும். மூன்றாம் முறை மேடு ஏற அவளுக்கு முகம் இல்லை.

"கப்பல் வரட்டும்னு சொல்லுவா" என்று எப்பராமா பின்னாளில் தங்கையிடம் சொன்னான். "எனக்குள்ள போகவேண்டியது ஊருக்குள்ள போகுது, ஊரு நல்லா இருந்தா என் பிள்ளையும் நல்லா இருக்கும்னு சொல்லுவா. நானும் அதை நம்பிட்டேன்."

புதுப் போதகர் வருகிறார் என்று ஊர் விருந்துக்கு ஏற்பாடு நடந்தது. பெண்கள் வலை எடுத்துக்கொண்டு, கடலுக்குள் பவளப்பாறைத் திட்டான பாருக்குப் போனார்கள். கடல் வற்றுகிற நேரம் பார்த்து, இடுப்பளவு தண்ணீரில் அரைவட்டமாக வலையைப் பிடித்து நின்று, மற்றவர்கள் கம்பால் தண்ணீரை அடித்து மீனை உள்ளே விரட்ட வேண்டும். மடவை மீன் சீசன். கண்ணை மூடிக்கொண்டு வளைத்தாலும் கூடை நிறைய வேண்டிய காலம். வலையில் பாசியும் ஒரு கிழிந்த செருப்பும் வந்தன. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த வற்றத்திலும் நாலு ஓரா மீன், அதுவும் விரல் நீளம்.

தொரிகா அத்தை வலையை விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்தாள். "யாரோ ஒருத்தி வயித்தை மறைக்கா" என்றாள்.

தண்ணீருக்குள் நின்ற அத்தனை பெண்களும் சிரித்தார்கள். ஆனால் சிரித்துக்கொண்டே ஒருத்தி வயிற்றை ஒருத்தி பார்த்தார்கள். உண்டானவள் அதை ஊருக்குச் சொல்லாமல் வலையைத் தொட்டால் மீன் விலகிப் போகும் என்பது அங்கே பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். சொல்லிவிட்டால் தோஷம் இல்லை, சந்தோஷம்தான்.

"சொல்லிருங்கட்டி. போதகருக்குச் செருப்பையா சமைச்சுப் போடுறது?"

"அத்தை, நீங்களா இருக்கப்போகுது" என்றாள் உனைசி. "முழங்கால் வலின்னு வேற சொன்னீங்க. மாமா அடிக்கடி சீக்கிரம் விளக்கணைக்காரே."

"ஏட்டி, உன் பல்லை இங்கேயே புடுங்கிருவேன்."

சிரிப்பு அடங்கவில்லை. சிரிப்போடு சிரிப்பாக யாரோ லைசானியின் பெயரைச் சொன்னார்கள். பாடகர் குழுவில் பாடுகிற, கல்யாணமாகாத பெண். போன மாதம் படகுத்துறையில் யாரோடோ நின்று பேசினாளாம். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி நீட்டினாள். உனைசியும் சும்மா இருக்கவில்லை, "அதான் சனிக்கிழமை பாட்டு ஒத்திகையில மேல்ஸ்தாயிக்கு மூச்சு எட்டலையோ" என்றாள். லைசானி முதலில் சிரித்தாள், பிறகு இல்லை என்றாள், பிறகு கம்பைத் தண்ணீரில் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். கல்யாணமாகாத பெண்மேல் அப்படி ஒரு பேச்சு விழுந்தால் அது உப்புத்தண்ணீரில் கழுவினாலும் போகாது.

"அவ இல்லை" என்றாள் வசெமதா. "நான்."

அலையின் சத்தத்தில் பாதிப்பேருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்கள் திரும்பினார்கள். அவள் வலையின் முனையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான். அஞ்சாம் மாசம். அவளை விட்டுருங்க."

தொரிகா அத்தை தண்ணீரைப் பிளந்துகொண்டு போய் அவளைக் கட்டிக்கொண்டாள். எல்லாப் பெண்களும் போனார்கள். வலையை யார் பிடித்திருந்தார்கள் என்று தெரியாது. லைசானியும் அழுதுகொண்டே போய்க் கட்டிக்கொண்டாள். உனைசி மதினியின் தலையில் தன் தலையை முட்டினாள்.

"கள்ளி. என்கிட்டயேயா மறைச்சே?"

"உங்கிட்ட சொன்னா கோயில் மணிகிட்ட சொன்ன மாதிரி, ஊரெல்லாம் கேக்கும்."

"வயிறே தெரியலையே மதினி. மீன்குஞ்சு கணக்கா எங்க ஒளிச்சு வச்சிருக்கே?"

கேலிதான். அந்த வயிறு அந்த மாதத்துக்குச் சின்னது என்று உனைசிக்குத் தோன்றத்தான் செய்தது. தோன்றியதைக் கேலியாகச் சொல்லிக் கடந்துவிட்டாள். அவளுக்கு எல்லாவற்றையும் கேலியாகத்தான் சொல்லத் தெரியும்.

அடுத்த வளைப்பில் மடவை வந்ததா என்று கேட்டால், வந்தது. கூடை கொள்ளாமல் வந்தது. கடல் திரும்புகிற நேரமும் அதுவாக இருக்கலாம். தொரிகா அத்தையிடம் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள். குழி அடுப்பில் கல் சுட்டு, தேங்காய்ப்பாலில் சேம்பு இலையோடு மீனைப் பொதிந்து வேகவைத்து, போதகருக்கு முன்னால் முதல் பங்கை வசெமதாவுக்குக் கொடுத்தார்கள். எல்லார் கையிலிருந்தும் வாங்கிச் சாப்பிட்டாள். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பை உனைசி அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

பந்தி முடிந்து வசெமதாவின் அடுப்படியில் பாத்திரம் கழுவும்போது உனைசி உப்பு எடுக்கக் கையை நீட்டினாள். கை பட்டு டப்பா கீழே விழுந்தது, உள்ளே கிலுகிலுப்பே இல்லை.

"காலியாயிட்டா?"

"ஆமா. கப்பல் வரட்டும்."

"வரட்டும். என் பல்லும் அதுவரைக்கும் பொறுத்துக்கும்" என்று சொல்லி டப்பாவைப் பழைய இடத்தில் வைத்தாள்.

கப்பல் வந்தது. மாவு வந்தது, சர்க்கரை வந்தது, கடையில் பனடால் வந்தது. கெலெரா சிஸ்டர் ஆள் மூலம் புது மாத்திரைகளைக் கொடுத்தனுப்பினார். இப்போது யாருக்கும் அது தேவைப்படவில்லை. டப்பா நிறைந்து, வசெமதாவின் தலைமாட்டுக்கே போய்ச் சேர்ந்தது. ஒரு இரவும் விடாமல் போட்டாள்.

ஏழாம் மாதம் பிறந்த கொஞ்ச நாளில், கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"உனைசி, கண்ணுக்கு முன்னால மின்மினி பறக்குது."

"பட்டப்பகல்ல ஏது மின்மினி?"

"தலை பிளக்குது."

அப்போதுதான் உனைசி அவள் முகத்தை நன்றாகப் பார்த்தாள். கண்ணிமை உப்பியிருந்தது. மோதிரம் விரலை இறுக்கிச் சதைக்குள் புதைந்திருந்தது. முதல் பிள்ளையின்போது பார்த்த அதே முகம். சோப்புத் தண்ணீர் போட்டு அந்த மோதிரத்தைக் கழற்றப் பார்த்தாள், முடியவில்லை. எப்பராமா மேட்டுக்கு ஓடினான்.

கெலெரா சிஸ்டர் வந்து ரத்த அழுத்தம் பார்த்தார். கைப்பட்டையைக் கழற்றிவிட்டு ஒரு ஊசி போட்டார். பிறகு எப்பராமாவிடம், "படகுக்கு எண்ணெய் இருக்கா? இப்பவே கிளம்பணும்" என்றார்.

கண்ணாடி இழைப் படகில் பாயை விரித்து வசெமதாவைப் படுக்கவைத்தார்கள். தலை உனைசியின் மடியில். சிஸ்டர் கால்மாட்டில். பாரைத் தாண்டியதும் கடல் தூக்கித் தூக்கிப் போட்டது. உனைசி தார்ப்பாயைப் பிடித்து மதினியின்மேல் தண்ணீர் அடிக்காமல் பார்த்துக்கொண்டாள், தன்மேல் அடித்தது தெரியவில்லை.

"அசையுதா மதினி?"

"காலையில அசைஞ்சான்."

"அசைஞ்சானா? பையனா?"

"எட்டி உதைக்கான். உங்க அண்ணன் கணக்கா முரடன்."

"எங்க அண்ணனா முரடன்? உன் கையில அடி வாங்குற ஆளு."

அவள் உதடு சிரிக்கப் பார்த்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கல் மாதிரி இறுகியது வயிறு, இறுகியது விடவே இல்லை. சிஸ்டர் கையை வைத்துப் பார்த்தார். பாயில் ரத்தம் வந்தது. படகு ஓட்டிக்கொண்டிருந்த எப்பராமா திரும்பிப் பார்த்தான்.

"நீங்க முன்னால பாத்து ஓட்டுங்க" என்றார் சிஸ்டர்.

பெரிய ஆஸ்பத்திரியில் வசெமதாவைக் காப்பாற்றினார்கள். பையன்தான். பிள்ளைக்கு முன்னாலேயே நச்சுக்கொடி பிரிந்துவிட்டது என்றார்கள். எல்லா விரலும் இருந்தது, நகம் இருந்தது, தலையில் முடிகூட இருந்தது. எப்பராமாவின் மூக்கு. உனைசி அவனை வாங்கித் துணியில் சுற்றினாள். கனமே இல்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, இவ்வளவுதானா, இவ்வளவுதானா என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

சின்னப் பெட்டியோடு அதே படகில் திரும்பினார்கள். கரையில் ஊர் முழுக்க நின்றது. பெட்டிக்குள் வைக்க ஒரு பாய் வேண்டும் என்று தொரிகா அத்தை சொன்னபோது, வசெமதாவே எழுந்துபோய் அடுக்கின் நடுவிலிருந்து குஞ்சம் வைத்த பாயை உருவிக் கொண்டுவந்தாள்.

துக்கத்துக்குப் பெண்கள் பாயும் துணியும் மண்ணெண்ணெயும் கொண்டுவந்தார்கள். மாத்திரை வாங்கினவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். தொரிகா அத்தை முழங்காலை மடக்க முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்து, வசெமதாவின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் நகரவில்லை.

கெலெரா சிஸ்டர் மேடு இறங்கி வந்தார். மற்றவர்கள் சமையலுக்குப் போயிருந்த நேரம். உள்ளே வசெமதாவும் உனைசியும் மட்டும். சிஸ்டர் முறைப்படி துக்கம் சொல்லிவிட்டு வசெமதாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வசெமதா, ஒண்ணு கேக்கணும். குத்தம் சொல்லுறதுக்கு இல்ல. அடுத்து என்ன செய்யலாம்னு தெரியணும். அந்த மாத்திரை, ஆரம்ப மாசத்துல குடுத்தேனே, ஆஸ்பிரின். அதை விடாமப் போட்டியா? பிள்ளைக்கு ரத்தம் போற வழி அப்பத்தான் உருவாகும். அதுக்குத்தான் அவ்வளவு சீக்கிரம் குடுத்தது."

உனைசியின் கை கன்னத்துக்குப் போயிற்று. வலிக்கவில்லை, தானாகப் போயிற்று.

"போட்டேன் சிஸ்டர்" என்றாள் வசெமதா. "ஒரு நாளும் விடலை."

"நடுவுல நனைஞ்சுட்டுன்னு சொன்னியே?"

"அதுக்கப்புறம் விடலை."

சிஸ்டர் பெருமூச்சு விட்டார். "அப்போ உன் உடம்புக்கு அந்த மருந்து கேக்கலை. அப்படியும் சில பேருக்கு உண்டு. பெரிய டாக்டர்கிட்ட அப்படித்தான் சொல்லணும்."

வசெமதா பாயின் ஓலையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். உனைசியின் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

பலகை, உப்புச் சிரட்டை, பாதிப்பாதியாக உடைத்த மாத்திரை. ஓடையில் நின்று எல்லாரிடமும் சொன்ன தன் குரல். உனைசிக்கு எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. அடைகாக்குதியே, குஞ்சு பொரிக்குமா என்று கேட்டாளே. அந்த வார்த்தையைத் திரும்ப எங்கே போய் அள்ளுவது?

தப்புச் செய்தவர்களுக்கு அங்கே ஒரு முறை உண்டு. திமிங்கலப் பல்லை இரண்டு கையிலும் ஏந்தி, மண்டியிட்டு வந்து, செய்ததைச் சபையில் சொல்லி மன்னிப்புக் கேட்டால் கொலையைக்கூட மன்னிப்பார்கள். இதை எப்படிச் சபையில் சொல்வது? சொன்னால் ஊர் முழுக்க அல்லவா மண்டியிட வேண்டும்? அப்படி நடக்கக் கூடாதென்றுதான் வசெமதா பொய் சொன்னாள். அதுவும் உனைசிக்குப் புரிந்தது. ஆனால் இன்னொன்றும் புரிந்தது. அந்தப் பொய் பெரிய டாக்டருக்குப் போனால், இன்னொரு பிள்ளை உண்டாகும்போது இவளுக்கு அந்த மருந்தைத் தராமல்கூட விடுவார்கள்.

சிஸ்டர் கிளம்பிப் போனார். உனைசி தேங்காய் பொறுக்கப் போகிறவள் மாதிரி கூடையை எடுத்துக்கொண்டு பின்வழியாக மேட்டில் ஏறினாள். ஈரப்பலா மரத்தடியில் எட்டிப் பிடித்தாள்.

"சிஸ்டர், அவ போடலை."

கெலெரா சிஸ்டர் நின்றார்.

"அவளைப் போட விடலை. நாங்க தின்னுட்டோம். எனக்குப் பல்வலி, அத்தைக்கு முழங்கால், மத்தவங்களுக்குக் காய்ச்சல். கேட்டோம், குடுத்தா. இதுக்குன்னு தெரியாது சிஸ்டர். பாய்க்கு அடியில வச்சிருந்தா, நான்தான் எடுத்து வெளிய வச்சேன்."

சிஸ்டரும் பக்கத்துத் தீவுக்காரிதான். ஏன் கொடுத்தாள் என்று அவர் கேட்கவில்லை. வேரின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"போட்டிருந்தா பிழைச்சிருப்பானா?" என்றாள் உனைசி.

"தெரியாது."

"உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க."

"போட்டும் போன பிள்ளைங்க உண்டு உனைசி. போடாமப் பிழைச்சதும் உண்டு. பிழைச்சிருப்பான்னு நான் சொன்னா அது பொய். பிழைச்சிருக்க மாட்டான்னு சொன்னாலும் பொய்."

"ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லுங்களேன்."

சிஸ்டர் எழுந்து அவள் தோளைத் தொட்டார். "டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லுறேன். இந்த ஊர்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அது போதுமா?"

போதுமா என்று உனைசிக்குத் தெரியவில்லை. தலையாட்டினாள். காலிக் கூடையோடு இறங்கி வந்தாள்.

வசெமதா அடுப்படியில் உட்கார்ந்து புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலிக் கூடையைப் பார்த்தாள், உனைசியின் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"தொரிகா அத்தைக்குத் தெரியவேண்டாம். அவுக தாங்கமாட்டாக."

"மதினி, நான்தான்..."

"பேசாதே உனைசி. நீ வாயைத் திறந்தா நான் அழுதுருவேன். அப்புறம் எல்லாரும் வந்து என்னன்னு கேப்பாங்க."

உனைசி பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் வார்த்தை இல்லாமல் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். அடுப்பில் கிழங்கு கொதித்தது. கொஞ்ச நேரத்தில், எங்கேயோ போயிருந்த பல்வலி தாடையில் மெல்லத் துடிக்க ஆரம்பித்தது. உனைசி கையை மடியிலேயே வைத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை, கன்னத்துக்குப் போய்விட்டது.

"பல்லா?"

"இல்ல."

வசெமதா எழுந்து உள்ளே போனாள். தலைமாட்டிலிருந்து டப்பாவை எடுத்து வந்தாள். நிறைய இருந்தது, நடக்கும்போதே சத்தம் கேட்டது. இரண்டு துண்டுகளை எடுத்து உனைசியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். கோபத்தில் செய்யவில்லை. அவள் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று உனைசி தேடிப் பார்த்தாள், இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போடு. எனக்கு இனிமே எதுக்கு?"

கொடுத்ததை வேண்டாம் என்று சொல்கிற பழக்கமும் அந்த ஊரில் இல்லை. உனைசி வாயில் போட்டாள். தண்ணீர் கேட்கத் தோன்றவில்லை. மாத்திரை நாக்கில் கரைந்து புளித்தது. அவள் விழுங்கும்வரை வசெமதா பக்கத்திலேயே நின்றாள். பிறகு டப்பாவை மூடி, பலகையில் உப்புச் சிரட்டைக்குப் பக்கத்தில், பழைய இடத்தில் வைத்தாள்.

"இங்கேயே இருக்கட்டும்" என்றாள். "வாரவங்க போறவங்களுக்கு ஆகும்."